ஓவியர் நின்ற இடம்

தேவதர்ஷினி படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். பழவேற்காட்டில் அவள் ஏறிய படகு, ஏரியையும் முகத்துவாரத்தையும் தாண்டிக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. படகில் அவளும் படகோட்டி சம்பந்தமும் மட்டும்தான்.

“அண்ணே, நான் கேட்டது ஊருக்குள்ள ஒரு இடம். இந்தப் படத்துல இருக்கற தென்னந்தோப்பு, குடிசைங்க...”

கையிலிருந்தது, பல வருடங்களுக்கு முன் ஒரு பெரிய ஓவியர் இந்தக் கரையில் வரைந்த படத்தின் நகல். அவர் நின்ற இடத்திலேயே நின்று வரைந்து பழக வேண்டுமென்றுதான் சென்னையிலிருந்து வந்திருந்தாள்.

“அங்கதான் போறோம். சும்மா குந்தும்மா.”

கரை விலகிக்கொண்டே போனது. போனில் சிக்னல் இல்லை.

“திருப்புங்கண்ணே, ப்ளீஸ்!” அவள் கரையைக் காட்டிக் கத்தினாள்.

சம்பந்தம் இன்ஜினை நிறுத்தினார். படத்தை வாங்கி, அதிலிருந்த கலங்கரை விளக்கத்தையும் தூரத்தில் தெரிந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதான்மா அந்த எடம். கடலு கொஞ்சங்கொஞ்சமா உள்ள வந்து ஊரையே எடுத்துக்கிச்சி.”

தேவதர்ஷினி படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு, வரையும் அட்டையை மடியில் வைத்துத் தண்ணீரை வரைய ஆரம்பித்தாள்.

“எங்க வூட்டையும் போடும்மா.”

“எங்கண்ணே இருந்துச்சு?”

சம்பந்தம் படகின் விளிம்பில் சாய்ந்து, நேர் கீழே விரலைக் காட்டினார்.