பட்டுத் தெறித்த குண்டுகள்

மார்ச் ஒன்பது, காலை. எல்லைக் குன்றிலிருந்த விமான எதிர்ப்புப் பீரங்கி, எதிரியின் கவச ஹெலிகாப்டரை மூன்றாவது நாளாகச் சுட்டது. ஹெலிகாப்டர் தன்பாட்டுக்குத் திரும்பிப் போனது.

“பட்டுச்சா, இல்லையா?” என்றார் கமாண்டர்.

“பட்டுத் தெறிச்சுடுச்சு சார். அந்தக் கவசத்துக்கு நம்ம குண்டெல்லாம் பட்டாணி,” என்றான் பீரங்கிக்காரன்.

மாலையில், எல்லைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்ட அவன் தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, இவரு பத்திரமா இறங்கிட்டாரு. ஹெலிகாப்டர்ல ஒரு கீறல்கூட இல்லையாம். மச்சானுக்குக் கண்ணு மங்கிடுச்சான்னு சிரிக்கிறாரு.”

“மாப்பிள்ளைக்குச் சிரிப்பு. எனக்குப் பொய் சொல்லியே வாய் வலிக்குது.”

மறுநாள் விடிந்தபோது பீரங்கி இருந்த இடத்தில் ஏவுகணை நின்றது.

“நீ சொன்னதை அப்படியே மேலிடத்துல சொன்னேன். உடனே அனுப்பிட்டாங்க,” என்றார் கமாண்டர். “இது எஞ்சின் சூட்டைத் தேடித் தானாவே போகும். குறி பார்க்க ஆளே வேண்டாம்.”

ஹெலிகாப்டர் வழக்கமான நேரத்துக்கு வந்தது.