நல்ல முன்னேற்றம்

மனைவி உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அவள் அமர்ந்த பிறகே ரூபேந்திரன் தானும் உட்கார்ந்தான். அதைப் பார்த்த ஆலோசகர் வினிஃப்ரெட்டுக்கு மனம் நிறைந்தது.

மூன்று மாதத்துக்கு முன், தம்போயில் இருக்கும் இதே கடைவீட்டு மாடிக்கு லோஷினி வீங்கிய கன்னத்தோடு இவனுடன் வந்திருந்தாள். கணவன் அடித்ததற்காகக் கொடுத்த போலீஸ் ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற வைத்து, இருவரையும் ஜோடியாக ஆலோசனைக்கு அனுப்பியது அவளுடைய அம்மாவும் அண்ணனும்தான். இது கடைசி வாரம்.

“எப்படி இருக்கீங்க ரெண்டு பேரும்?”

“முன்ன மாதிரி இல்ல மேடம்,” என்றான் ரூபேந்திரன். “நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி மூச்ச இழுத்து விடுறேன். சத்தமே போடுறதில்ல. வொர்க்ஷாப்புல பையனுங்களே கேக்குறானுங்க, ‘என்ன பாஸ், சாமிக்கு மால போட்டிருக்கீங்களா?’ன்னு.”

வினிஃப்ரெட் சிரித்துவிட்டு லோஷினி பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. வீட்டுல இப்ப பயம் இல்லையே?”

லோஷினி துப்பட்டா நுனியைச் சுருட்டினாள். “இவருக்கு இப்பல்லாம் கோவமே வர்றதில்ல மிஸ்.”

“பாத்தீங்களா மேடம்!”

வினிஃப்ரெட் கோப்பின் கடைசிப் பக்கத்தில் ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். இந்த வருஷம் பாதியில் நின்றுவிடாமல் முழுக்க வந்தவர்கள் இவர்கள் மட்டும்தான்.

கீழே தெருவில் ஹாரன் விடாமல் அலறியது. ரூபேந்திரன் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். அவனுடைய கார் ஒரு லாரியை மறித்துக்கொண்டு நின்றது.

“அலமாக்! ஒரு நிமிஷம் மேடம், எடுத்து விட்டுட்டு வந்துடுறேன்.” பதறாமல் எழுந்து படியிறங்கினான்.

கதவு சாத்திக்கொண்டது. பன்னிரண்டு வாரத்தில் இந்தப் பெண்ணைத் தனியாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்பது வினிஃப்ரெட்டுக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஏன்மா, முகத்துல சந்தோஷத்தையே காணோம்?”

லோஷினி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாரன் நின்றது. கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம், அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக ஏறி வந்தது.

அவள் குனிந்து, வேகமாகச் சொன்னாள்.

“முன்னெல்லாம் கோவம் அடங்குனா நிப்பாட்டிருவாரு மிஸ். இப்ப கோவமே இல்லாம அடிக்கிறாரு.”