அணைத்தால் கிளம்பாத வண்டி

என் தம்பி எக்கார்ட், அம்மா வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்தான். இரண்டு வருடத்தில் இதுதான் முதல் முறை.

உள்ளே ப்ளம்ஸ் கேக் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "அணைச்சிட்டானா?" என்றாள், நம்பாமல்.

அணைத்தால் கிளம்பாது. அதுதான் அந்தப் பழைய பச்சைக் காரின் வியாதி. ஆறிக் கிடக்கும்போது ஒரே திருப்பில் கிளம்பும். சூடாக ஓடி நின்று கால் மணி நேரம் ஆனால் போச்சு, இரண்டு மணி நேரத்துக்கு அசையாது.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எக்கார்ட் துரை உள்ளே வந்தாலும் எஞ்சின் வெளியே உறுமிக்கொண்டே இருக்கும். நின்றபடி ஒரு வாய் காபி, அம்மா கன்னத்தில் ஒரு முத்தம், கிளம்பிவிடுவான். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை சத்தமே ஆகாது, புல் வெட்டும் இயந்திரத்தைக்கூட ஓட்டக் கூடாத ஊர் எங்களுடையது. எதிர்வீட்டு நேகெலே அம்மாள் ஜன்னலைத் திறந்து திட்டுவாள். அவனுக்கென்ன, கேட்டுக்கொள்வது அம்மா. கரும்புகை திரைச்சீலையில் ஏறி, கேக்கில்கூடப் பெட்ரோல் நாறும். சீ!

இவனும் இவன் பழைய கார் சங்கத்துக் கூட்டாளிகளும் இரண்டு வருடமாக என்ன செய்தார்கள்? பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவுக்கென்று ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதைத் திருகினார்கள். ஆளுக்கொரு பக்கம். ப்ளக்கை மாற்றினார்கள். பெட்ரோலே மோசம் என்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"டிராக்டர் பாக்குற உனக்கு இந்த நுணுக்கமெல்லாம் ஏறாது ரோஸி" என்பான் என்னிடம். இருபத்தாறு வருடமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். அவனுடைய சங்கத்துத் தொப்பியைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

அம்மாவுக்காகத்தான் அந்தக் காரைத் தொட்டேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை அவளுக்கு இதய ஆபரேஷன். வயது எழுபத்தொன்பது. டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. மகனிடம் அதை நானேதான் சொல்வேன், நீ சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டுமாம். மூன்று ஞாயிறு முயன்றாள். ஒவ்வொரு முறையும் அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் வாசலில் இருப்பான்.

"உறுமுற வண்டிக்கு மேல கத்திச் சொல்ற சேதியாடீ இது?" என்றாள்.

சண்டை போட்டு வெள்ளிக்கிழமை வண்டியை என் ஒர்க்‌ஷாப்புக்கு வரவழைத்தேன். பெட்ரோல் குழாயில் அழுத்தமானியை மாட்டி, எஞ்சினை அணைத்தேன். ஐந்தே நிமிடத்தில் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது.

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், அடியில் ஒரு டப்பா உண்டு. எஞ்சின் நின்ற பிறகும் பெட்ரோலின் அழுத்தம் இறங்காமல் பிடித்துவைப்பது அதன் வேலை. அழுத்தம் போனால் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். அப்புறம் வண்டி எப்படிக் கிளம்பும்? டப்பாவின் பின்பக்க ட்யூபைக் கழற்றினேன். வரவே கூடாத இடத்தில் பெட்ரோல் சொட்டியது. உள்ளே ஜவ்வு கிழிந்திருந்தது.

மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கண்டபடி திருகியிருந்த ஸ்க்ரூவையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன், புகை நின்றது. இரண்டு வருடமாக ஒருத்தன்கூட வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. த்தூ!

நேற்று வந்து வண்டியை எடுத்துப் போனான். நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. "பாக்கலாம்" என்றான்.

இன்று உள்ளே வந்தவன் கோட்டைக் கழற்றி மாட்டினான். உட்கார்ந்தான். கேக் சாப்பிட்டான். "இன்னொரு காபி குடும்மா" என்று கேட்டு வாங்கிக் குடித்தான். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எனக்கே வெட்கமாகிவிட்டது. பாவம், நிஜமாகவே வண்டிதான் காரணம் போலிருக்கிறது, இவனைப் போய் இத்தனை நாள் கரித்துக்கொட்டினேனே என்று நினைத்தேன். நடுநடுவே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பழக்கதோஷம், பார்த்துவிட்டுப் போகட்டும்.

அம்மா கொஞ்ச நேரம் ப்ளம்ஸ் விளைச்சலைப் பற்றிப் பேசினாள். பாதிரியாரின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினாள். பிறகு கப்பைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தாள்.

"எக்கார்ட்டு, செவ்வாக்கிழமை நான்..."

"அரை மணி ஆச்சு!" கையை உருவிக்கொண்டு எழுந்தான். "வா ரோஸி, இப்பக் கிளம்புதான்னு பாத்துருவோம்!"

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அணைத்த வண்டியைச் சோதிக்க அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தான். அவ்வளவுதான்.

ஒரே திருப்பு. சமர்த்தாகக் கிளம்பியது. ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "சங்கத்துல எல்லாப் பயலும் வாயப் பொளக்கப்போறான்!" ஹாரன் அடித்துக்கொண்டே சர்ச் திருப்பத்தில் மறைந்தான். கோட்டை எடுக்க மறக்கவில்லை.

நான் தெருவில் இறங்கிக் கத்த வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த வயதில் அப்படி ஒரு பிடி.

அவன் போன திசையைப் பார்த்துக் கையசைத்தாள். காலியான தெருவைப் பார்த்தும் கொஞ்ச நேரம் அசைத்தாள்.

இரண்டு வருடமாக அவள் இந்தத் தெருவில் எல்லோரிடமும் ஒன்றையேதான் சொல்லிவந்தாள். பிள்ளை தங்கம், வண்டிதான் சரியில்லை.

அந்த வண்டியை நான் சரிசெய்துவிட்டேன்.