ஒற்றை ஓட்டு வாங்கிய வண்டி

"அக்கா, உங்க ஒத்தை ஓட்டு வந்திருக்கார்!"

இரண்டு கையிலும் காபிக் கோப்பையோடு, கண்ணாடிக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வந்த புரோகிராமர் பையன் கத்திச் சொன்னான். அறையே கொல்லென்று சிரித்தது. அவளும்தான் சிரித்தாள்.

கார் பந்தய வீடியோ கேம் தயாரிக்கும் அலுவலகம் அது. அடுத்த பதிப்பில் என்னென்ன வண்டி சேர்க்கலாம் என்று ரசிகர்களிடம் ஓட்டுக் கேட்டிருந்தார்கள். பாய்கிற வண்டி, பறக்கிற வண்டி, கதவு மேல்பக்கமாகத் திறக்கிற வண்டி என்று கேட்டுக் குவித்துவிட்டார்கள். நடுவே ஒரே ஒரு மனிதர் மட்டும் பழைய வெளிர்பச்சைக் குட்டிக் கார் ஒன்றைக் கேட்டு வாரம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தார். மேடு ஏறினாலே மூச்சு வாங்கும் வண்டி. அதற்கு அவர் ஓட்டைத் தவிர வேறு நாதி இல்லை. 'ஒத்தை ஓட்டு' என்று அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

வண்டிகளைத் திரையில் வடிவமைப்பது அவள் வேலை. ஜெயித்த வண்டிகள் போக, ஒன்றே ஒன்றை அவள் இஷ்டத்துக்குச் சேர்க்கலாம் என்று மேலாளர் விட்டிருந்தார். ரசிகர்கள் சிலரை நேரில் அழைத்துப் பேசிவிட்டு இன்று அதை முடிவு செய்தாக வேண்டும்.

வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எதிர்ச்சுவர் முழுக்க அந்த கேமின் போஸ்டர்: மழைச்சாலையில் சீறி வரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அவர் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்," என்று புரோகிராமர் ஸ்டியரிங்கை நகர்த்தி வைத்தான். "சிவப்பு வண்டியையே தர்றேன். அதுதான் எங்க ஹீரோ."

"வேணாம் தம்பி. ஓட்டுறதை விட்டு ரொம்ப நாளாச்சு."

"நிஜ ரோடா சார் இது? கேம்தானே!"

அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ரெண்டு வண்டி மோதிக்கிட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது சார். அப்படியே மங்கி, பழையபடி ரோட்டுல வந்து நிக்கும்."

"ரெண்டு வண்டியுமா?"

"ரெண்டும்தான்."

"நல்லா பண்ணியிருக்கீங்க," என்றார் அவர். புரோகிராமர் சிரிப்பை அடக்கக் காபியை வாயருகே கொண்டுபோனான்.

அவளுக்கு என்னவோ போலிருந்தது. அவளுடைய அப்பாவும் இப்படி ஒரு ஓட்டை வண்டி வைத்திருந்தார். அவள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தபோது அதை விற்றுவிட்டார். கடைசியாக ஒருமுறை அதில் உட்கார முடியாமல் போன வருத்தம் இன்னும் தீரவில்லை. அது மாதிரி எந்த வண்டி போனாலும் கழுத்து தானாகத் திரும்பும். இவருக்கும் அதே ஏக்கம்தான் என்று பட்டது. இத்தனை நாள் இவரை வைத்துச் சிரித்ததை நினைத்துக் கூசியது.

"வண்டியைப் பத்திச் சொல்லுங்க சார்," என்று பென்சிலை எடுத்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "முன் பம்பர் ஒரு பக்கம் நெளிஞ்சிருக்கும். ஒரு ஹெட்லைட் கொஞ்சம் மங்கல். மழை பெய்தா ஒரு வைப்பர்தான் ஓடும், இன்னொண்ணு சும்மா நிக்கும். கண்ணாடிக்கு உள்ளே துணி யானைப் பொம்மை ஒண்ணு தொங்கும். அதுக்கு ஒரு காது கிடையாது." நம்பர் பிளேட்டையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

"அடேயப்பா, என்ன ஞாபகம்! சரி, பின்பக்கம்? லைட் வட்டமா, நீளமா?"

அவர் கண்ணைத் திறந்தார். விழித்தார்.

"பின்பக்கம் தெரியலைம்மா."

"டாஷ்போர்டு? சீட்டு என்ன கலர்?"

"அதுவும் தெரியாது."

"சரியாப் போச்சு போங்க!" புரோகிராமருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "பின்பக்கம் என்னன்னே தெரியாம இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கீங்களே சார்!"

மறுபடி சிரிப்பு. அவரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அவள் புரோகிராமரை ஒரு முறை முறைத்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு தன் மேஜைக்குப் போனான்.

"முன்பக்கம் மட்டும் போதும்மா. அது சரியா இருந்தாப் போதும்," என்றார் அவர் தணிந்த குரலில்.

வயதானால் ஒன்று நிற்கும், ஒன்று மறக்கும். அப்பாவுக்கும் அப்படித்தான். மேலாளர் என்ன சொன்னாலும் சரி என்று முடிவு செய்துவிட்டாள்.

"சேர்த்துடறேன் சார். அந்த ஒரு இடம் உங்க வண்டிக்குத்தான்."

அவர் சட்டென்று எழுந்து நின்றார். கண் நிறைந்துவிட்டது.

"ஒரே ஒரு நிபந்தனை," என்று சூழ்நிலையை லேசாக்கப் பார்த்தாள் அவள். "வண்டி தயாரானதும் முதல் ஆளா நீங்கதான் வந்து ஓட்டணும். உங்க பழைய வண்டியில நீங்களே உட்கார்ந்து போகணும்!"

"ஐயோ, வேணாம்மா!" அவர் இரண்டடி பின்னால் போனார். "அது என் வண்டி இல்லை."

"பின்னே?"

உள்ளே வந்ததிலிருந்து முதல்முறையாக அவர் அந்தப் போஸ்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"என் வண்டி உங்க கேம்ல முன்னாலேயே இருக்கும்மா. அதோ, அந்தச் சிவப்பு. பச்சை வண்டி எதிர்ல வந்தது. ஒரே ஒரு தடவை அதுக்கு வழி விட்டு ஒதுங்கணும்."