சிலுவையை எடுத்தவர்

ஒரு வாரமாக ரலிட்சா விடிகாலையில் வெளியே போய், தலை நனைந்து திரும்பினாள். பதினாறு வயதுப் பெண். அப்பா ஸ்லாவ்சோ வாசலிலேயே மறித்தார்.

"எவன்டி அவன்?"

"எவனும் இல்லப்பா."

பீன்ஸ் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்த மனைவி நெவேனா சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அவருக்குச் சந்தேகமாகவே பட்டது.

மறுநாள் மகளின் பின்னாலேயே பதுங்கிப் போனார். அவள் மரிட்சா ஆற்றங்கரையில் கோட்டைக் கழற்றிவிட்டுத் தொபுக்கென்று குதித்தாள்.

"ஐயோ! மேல ஏறுடி!"

"நாளைக்குத் திருக்காட்சித் திருநாள்ல பாதிரியார் ஆத்துல எறியற சிலுவையைப் போட்டியில நான்தான்ப்பா முதல்ல எடுக்கப்போறேன்."

ஸ்லாவ்சோ உருகிப்போனார். இருபது வருடத்துக்கு முன் அவர் அந்தச் சிலுவையோடு கரையேறிய போட்டோ வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அந்தக் கதையைக் கேட்காமல் எந்த விருந்தாளியும் தப்பியதில்லை. போட்டோவில் அவர் காலரைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று கேட்டால், "ஒரு கூட்டாளி" என்பார்.

"அப்பா மாதிரி வரணும்னு ஆசையா கண்ணு?"

"உங்களுக்கு நீச்சலே தெரியாதேப்பா! வேடிக்கை பாக்கறப்ப வழுக்கி விழுந்தீங்களாம். சிலுவையை எடுத்தது அம்மாவாம். அப்பல்லாம் பொண்ணு எடுத்தா செல்லாதுன்னுடுவாங்கன்னு உங்க கையில திணிச்சு, காலரைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்களாம். நான் அம்மா மாதிரி வரணும்."

ஸ்லாவ்சோ துண்டை நீட்டினார்.

"போட்டோவுல அம்மா முகத்தை வெட்டினது யாருப்பா?"

"ஃப்ரேம் சின்னதா இருந்துச்சு கண்ணு... பெருசா ஒண்ணு வாங்கிடலாம்."