பின்னாலேயே வந்தவள்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. நடந்ததை விட்டுவிட்டு எனக்கு வசதியானதைச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் வேறு. இருந்தாலும் சொல்கிறேன்.

அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன். பதினைந்து நாள் கூட இருக்க ஆள் வேண்டும். இரண்டு ரயில் மாறிப் போக வேண்டும். வீட்டுக்காரருக்கு லீவு கிடையாது.

"நான் தனியா போறேன்" என்றேன்.

மகள் சிரித்தாள். "யாரு, நீயா? வேலைக்குப் போறேன்னு பஸ் ஏறி டிப்போவுல போய் இறங்கினியே, அந்த நீயா?"

அவளே ஒரு பந்தயமும் வைத்தாள். பழைய நகரத்தில் மேப் ஓட்டப் போட்டி நடக்கிறதாம். கையில் ஒரு மேப்பும் ஓர் அட்டையும் தருவார்கள். கோட்டைக்குள் சந்துபொந்துகளில் பன்னிரண்டு கொடிகள் தொங்கும். ஒவ்வொரு கொடியிலும் கட்டியிருக்கும் பஞ்ச் கருவியால் அட்டையில் ஓட்டை போட வேண்டும், அதுவும் வரிசைப்படி. யாரிடமும் வழி கேட்கக் கூடாது. யார் பின்னாலும் போகக் கூடாது.

"பன்னெண்டு ஓட்டையோட வா, டிக்கெட் எடுத்துத் தர்றேன். இல்லேன்னா பெரியம்மாவுக்கு ஆள் வச்சுக்கலாம்."

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு நானூறு போர்வை மடிக்கிறவள் நான். ஒரு காகிதத்தைச் சமாளிக்கத் தெரியாதா? சரி என்று சொல்லிவிட்டேன்.

கிளம்பும் இடத்தில் நடுவர் சொல்லிக்கொடுத்தார். "மேப்போட வடக்கு எப்பவும் நிஜ வடக்கைப் பார்த்து இருக்கணும்மா. அதுக்குத் தகுந்த மாதிரி மேப்பைத் திருப்பிக்குங்க."

திருப்பினேன். மேப்போடு சேர்ந்து நானும் திரும்பினேன். தடித்த கறுப்புக் கோடுதான் பெரிய ரோடு என்று நினைத்து நேராக நடந்தேன். அது கோட்டை மதில். முதல் கொடியைப் பிடிப்பதற்குள் கோட்டையை ஒரு சுற்று சுற்றியாகிவிட்டது.

மூன்றாவது கொடியில்தான் அவளைக் கவனித்தேன். மஞ்சள் தொப்பி, முதுகில் பெரிய பை. வயது முப்பதுக்குள். நான் நின்றால் நின்றாள், நடந்தால் நடந்தாள்.

"ஏம்மா, என் பின்னாடியே வர்றே?"

"நீங்க பாட்டுக்குப் போங்க அக்கா. எனக்கு அவசரமில்லை."

பந்தயத்துக்கு வந்துவிட்டு அவசரமில்லையாம்! எனக்குப் புரிந்துவிட்டது. மேப் பார்க்கத் தெரியாத கழுதை, என்னைப் பார்த்துக் காப்பியடிக்கிறது. கோபம்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. என்னைப் பார்த்து ஒருத்தி காப்பியடிப்பது என் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை.

அவளை ஏமாற்ற வேண்டுமென்றே ஒரு முட்டுச்சந்தில் நுழைந்தேன். இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தெரியாமல்தான் நுழைந்தேன். திரும்பி வந்தால், சந்து முனையில் பூட்டுக்கடைப் படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"தண்ணி வேணுமா அக்கா?" பாட்டிலை நீட்டினாள்.

"என்ன, லஞ்சமா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். தொண்டை வறண்டுதான் கிடந்தது.

வழியில் வேறு போட்டிக்காரர் ஒருவரையும் காணோம். அத்தனை பேரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டேனே என்று நடையை இன்னும் எட்டிப் போட்டேன். மஞ்சள் தொப்பியின் பை மட்டும் கொடிக்குக் கொடி பருத்துக்கொண்டே வந்தது. போகிற வழியில் கடை கடையாக ஏறி வாங்குகிறாள் போலிருக்கிறது.

பன்னிரண்டாவது ஓட்டையையும் போட்டுவிட்டு மூச்சிரைக்க மைதானத்துக்குள் நுழைந்தேன். இரண்டு பேர் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்னும் பந்தலே போட்டு முடியவில்லை! அவ்வளவு சீக்கிரம் வந்திருக்கிறேன்.

மேசையில் அட்டையை வைத்ததும் முதல் வேலையாகப் புகார் சொன்னேன்.

"சார், அதோ வர்றா பாருங்க, மஞ்சள் தொப்பி. மூணாவது கொடியிலேர்ந்து என்னை விட்டு அசையலை. அவளைப் போட்டியிலேர்ந்து தூக்குங்க!"

நடுவர் பேனாவை மூடினார். "அவங்க போட்டியிலயே இல்லைம்மா. கொடி கழட்டுறவங்க. கடைசி ஆள் தாண்டினதும் ஒவ்வொண்ணா கழட்டிட்டு வரணும்."

"கடைசி ஆளா..."

"நேரம் முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சும்மா. அப்பவே எல்லாக் கொடியையும் கழட்டிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். 'ஒரு அக்கா விடாம தேடிட்டு இருக்காங்க, மேசையை எடுத்துடாதீங்க'ன்னு மூணு தடவை போன் பண்ணிட்டாங்க. வழி சொல்ல அவங்களுக்கு அனுமதி இல்லை. காத்திருக்க மட்டும்தான் முடியும்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் பந்தலைப் போடவில்லை. பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மஞ்சள் தொப்பி பையை இறக்கினாள். உள்ளே பன்னிரண்டு கொடிகள். என் அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"பன்னெண்டும் விழுந்திருச்சா அக்கா? ஒன்பதாவதுல சரியா அழுத்தலையோன்னு பயந்துட்டே வந்தேன்."

நான் சொன்ன புகார் அவள் காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அந்தத் தண்ணியைக் குடும்மா" என்று கையை நீட்டினேன்.

பரிசு கிடையாது, ஆனால் முடித்ததாக அட்டையில் முத்திரை உண்டு என்று நடுவர் குத்திக்கொடுத்தார்.

வீட்டில் மகள் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளை இரண்டு தடவை எண்ணினாள். பேச்சு மாறாமல் டிக்கெட் எடுத்துக் கொண்டுவந்தாள். வீட்டுக்காரர்தான் நம்பவில்லை.

"உண்மையைச் சொல்லு. யார் பின்னாடியாவது போனியா?"

"நான் யார் பின்னாடியும் போகலை. ஒருத்திதான் கடைசி வரைக்கும் என் பின்னாடியே வந்தா."

"உன்னை நம்பி ஒருத்தியா!" அவர் வாயைப் பிளந்தார்.

அவள் எதற்காக வந்தாள் என்று அவர் கேட்பதற்குள், மகள் கையிலிருந்த டிக்கெட்டை வாங்கிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டேன்.