பரிசு வாங்கிய கண்ணீர்

ஹோபார்ட் நூலகத்தில் எழுத்தாளர் மெரிடித் தன் முதல் பரிசுக் கதையை வாசித்தாள். சாகக் கிடக்கும் அம்மாவுக்கு இரவெல்லாம் சூப் ஊட்டும் மகளின் கதை. "இதுல ஒவ்வொரு வரியும் என் வாழ்க்கை," என்று தழுதழுத்தாள். அரங்கமே மூக்கைச் சிந்தியது.

கடைசி வரிசையில் ஒரு கிழவி மட்டும் களுக்கென்று சிரித்தாள்.

"சே, ஈவிரக்கமே இல்லாத ஜென்மம்!" பக்கத்துப் பெண் சீறினாள்.

"அழத்தாம்மா வந்தேன். சிரிப்பு வந்துடுச்சு."

வாசிப்பு முடிந்ததும் கிழவி வரிசையில் நின்று, கையெழுத்துக்காகப் புத்தகத்தை நீட்டினாள்.

மெரிடித் நிமிரவில்லை. "யார் பேர் போடணும்?"

"'அம்மாவுக்கு'ன்னு போடுடி. முதியோர் இல்லத்துப் பக்கம் நீ எட்டிக்கூடப் பார்க்கல. நான் எப்படிச் செத்தேன்னு கேட்டுட்டுப் போலாம்னு பஸ் புடிச்சு வந்தேன்."